புகைக்குழாய் வழியே வரும் கடல்

டீசல் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் மிகச் சிறியது. சிலிண்டருக்கு அரை லிட்டர் கொள்ளளவும் 18-க்கு 1 என்ற அமுக்க விகிதமும் உள்ள எஞ்சினில் அந்த இடம் சுமார் 29 மில்லி லிட்டர். இரண்டு மேசைக்கரண்டி நீர் அதை நிரப்பிவிடும். சிலிண்டருக்கு ஒரு லிட்டர், அமுக்க விகிதம் 17-க்கு 1 என்று இருந்தாலும் 63 மில்லி லிட்டரைத் தாண்டாது. காற்று அமுங்கும், நீர் அமுங்காது. ஆகவே அந்த அளவுக்கு மேல் நீர் உள்ளே நிற்கும் நிலையில் ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பிஸ்டன் உச்சியை எட்டாமல் முட்டி நின்றுவிடும். மற்ற சிலிண்டர்கள் அதற்குள் எரியத் தொடங்கி எஞ்சின் வேகம் பிடித்திருந்தால் கனெக்டிங் ராடு வளையும். வளையாமல் தப்பினாலும் கடல்நீரின் உப்பு சும்மா இருப்பதில்லை. ஓரிரு நாளில் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும், வால்வுத் தண்டுகள் இறுகும். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய எஞ்சின் அதோடு பழைய இரும்பாகிவிடக்கூடும். இப்படிக் கெட்ட எஞ்சின்களில் பலவற்றுக்குள் நீர் நுழைந்தது படகின் அடியில் விழுந்த ஓட்டை வழியாக இல்லை. புகை வெளியேறுவதற்காக நாமே அமைத்த குழாய் வழியாகவே நுழைந்தது. அதைத் தடுக்க ரப்பர் மூடிகளும் ஒருவழி வால்வுகளும் அடைப்பான்களும் சந்தையில் நிறைய உள்ளன. அவற்றுக்குப் பயன் உண்டு. ஆனாலும் எஞ்சினைக் காப்பது முதலில் குழாயின் உயரமும் சரிவும் சைலன்சரின் கொள்ளளவுமே. இந்த மூன்றும் சரியாக அமையாத படகில் எத்தனை மூடி மாட்டினாலும் எஞ்சின் ஆபத்தில்தான் இருக்கிறது.

புகைக்குழாய்க்குள் நீர் இருப்பதே விபத்து என்று நினைப்பவர்கள் உண்டு. உல்லாச விசைப்படகுகளிலும் எஞ்சின் பொருத்திய பாய்ப்படகுகளிலும் நீரை வேண்டுமென்றேதான் அதற்குள் விடுகிறார்கள். எஞ்சினிலிருந்து வரும் புகை பல நூறு டிகிரி வெப்பத்தில் வருகிறது. மரமும் ஃபைபரும் டீசல் தொட்டியும் நெருங்கிக் கிடக்கும் சிறிய எஞ்சின் அறை வழியாக அந்தச் சூட்டில் ஒரு இரும்புக் குழாயைக் கொண்டுபோவது தீயை அழைப்பதாகும். அதனால் கடலிலிருந்து பம்பு இழுக்கும் நீர், வெப்பப் பரிமாற்றியில் எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்ட பின், எல்போ என்று மெக்கானிக்குகள் சொல்லும் வளைவில் புகையோடு கலக்கப்படுகிறது. கலந்தவுடன் புகை குளிர்ந்துவிடுவதால் அதன் பிறகு சாதாரண ரப்பர் ஹோஸே போதும். சத்தமும் குறைகிறது. எஞ்சின் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் படகுகளில் இந்தக் கலவை ஒரு சைலன்சர் தொட்டியில் விழுந்து சேரும். புகையின் அழுத்தம் நீரை அங்கிருந்து மேலே தள்ளி வெளியே துப்பும். எஞ்சின் ஓடும்வரை இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீரை வெளியே தள்ளும் வலு புகைக்கு மட்டுமே உண்டு. புகை நின்ற நொடியிலிருந்து நீர் எங்கே போக வேண்டும் என்பதைப் புவியீர்ப்பு தீர்மானிக்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரின் புகை வால்வு திறந்தே இருக்கும். கதவு எப்போதும் திறந்திருக்கும் வீட்டில் வெள்ளம் வாசல்படி உயரத்துக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே வழி.

நீர் நுழையும் வழிகளில் மிகவும் ஏமாற்றுவது சைபன். கரையில் கட்டிய படகு, அணைத்த எஞ்சின், அலையில்லாத துறைமுகம். அந்த அமைதியிலும் எஞ்சின் மூழ்கும். எல்போவில் நீர் கலக்கும் இடம் வெளியே உள்ள கடல் மட்டத்துக்குக் கீழே இருந்தால், எஞ்சின் நின்ற பிறகும் நீர் நிறைந்த குழாய் வழியே கடல் உள்ளே வழிந்துகொண்டே இருக்கும். இடையில் இருக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் அதைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். இம்பெல்லர் அடைப்பான் அல்ல. அதன் இறகுகள் தேய்ந்திருக்கலாம், ஒன்று முறிந்திருக்கலாம். புதிதாக இருந்தாலும் சொட்டுச் சொட்டாக நீர் கசியும். ஓர் இரவு கசிந்தால் சைலன்சர் தொட்டி நிறையும், அதன் ஹோஸ் நிறையும், எல்போ நிறையும், பிறகு மட்டம் புகை வால்வைத் தொடும். காலையில் சாவியைத் திருப்பியவருக்கு ஒரு முட்டும் சத்தம்தான் கேட்கும், அவர் பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைப்பார். எஞ்சின் உற்பத்தியாளர்களின் கையேடுகளும், 1954-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் படகு மற்றும் உல்லாசப் படகுக் கழகம் போன்ற அமைப்புகளின் வழிகாட்டுதல்களும் இந்த ஒரு இடத்தில் ஒரே திசையில் பேசுகின்றன. நீர் கலக்கும் இடம் கடல் மட்டத்துக்கு மேலே குறைந்தது 150 மில்லி மீட்டராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நீர்க் குழாயைக் கடல் மட்டத்துக்கு மேலே நன்றாக உயர்த்தி வளைத்து, வளைவின் உச்சியில் காற்று நுழைய வழி செய்ய வேண்டும். உச்சிக்குப் பரவலாகச் சொல்லப்படும் உயரம் 300 மில்லி மீட்டருக்குக் குறையாதது. படகு சாய்ந்தாலும் ஒருபக்கம் சுமை ஏறினாலும் இந்த அளவு குறையக் கூடாது என்ற நிபந்தனைதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது, அதைத்தான் பொருத்துபவர்கள் அதிகம் மறக்கிறார்கள்.

உயரத்துக்கும் வால்வுக்கும் உள்ள வேறுபாடு இந்த வளைவின் உச்சியிலேயே தெளிவாகத் தெரிகிறது. கடையில் வாங்கும் வளைவுகளின் உச்சியில் ஒரு சிறிய ரப்பர் வால்வு இருக்கும். எஞ்சின் ஓடும்போது நீரழுத்தத்தால் மூடிக்கொள்ளும், நின்றதும் திறந்து காற்றை விட்டு சைபனை உடைக்கும். சில மாதம் கடல்நீர் பட்டதும் அதன் வாயில் உப்புப் படிகம் கட்டுகிறது. திறந்தபடி இறுகினால் எஞ்சின் மேலும் ஆல்டர்னேட்டர் மேலும் உப்புநீரைத் தெளிக்கும். தெளிப்பதைப் பார்த்ததும் உரிமையாளர் சரிசெய்துவிடுவார். மூடியபடி இறுகினால் எந்த அறிகுறியும் இருக்காது. படகு பாதுகாப்பாக இருப்பது போலவே தோன்றும், எஞ்சின் மூழ்கும் நாள்வரை. இதற்கு மாற்று எளியது, பழையது. வால்வையே எடுத்துவிட்டு உச்சித் துளையிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸை உயரமாகக் கொண்டுபோய்ப் படகின் பக்கவாட்டில் கடல் மட்டத்துக்கு மேலே விட்டுவிடலாம். எஞ்சின் ஓடும்போது அதில் கொஞ்சம் நீர் சிந்தும். பம்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே கண்முன் சாட்சி. எஞ்சின் நின்றதும் அதே வழியில் காற்று போகும். அசையும் பாகம் ஒன்றும் இதில் இல்லை, ஆகவே இறுகிப்போக ஒன்றும் இல்லை. துளை அடைபட்டால் சிந்தும் நீர் நின்றுவிடும், பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். பழுது தன்னைத் தானே அறிவிக்கும் ஏற்பாட்டைத்தான் கடலில் நம்ப வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டாவது வழி, கிளப்பும்போது. எரிபொருள் குழாயில் காற்று புகுந்த டீசல் எஞ்சின் உடனே கிளம்பாது. உரிமையாளர் ஸ்டார்ட்டரை மீண்டும் மீண்டும் சுற்றுகிறார். ஒவ்வொரு சுற்றிலும் கடல்நீர் பம்பும் சுழன்று எல்போவுக்குள் நீரைக் கொட்டுகிறது. வெளியே தள்ளப் புகை இல்லை. ஸ்டார்ட்டரின் வேகத்தில் வெளியேறும் காற்றுக்குத் தொட்டியில் உள்ள நீரைத் தூக்கும் வலு இல்லை. தொட்டி நிறைந்தபின் நீர் எஞ்சினை நோக்கித் திரும்புகிறது. சின்ன எரிபொருள் கோளாறு, சரியாகக் கிளம்பாத ஒரே காரணத்தால், பெரிய எஞ்சின் கோளாறாகிறது. நாலைந்து முறை சுற்றியும் கிளம்பாவிட்டால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுற்ற வேண்டும், கிளம்பிய உடனே திறக்க வேண்டும் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் பதற்றத்தில் இருக்கும் மனிதரின் நினைவை அது நம்பியிருக்கிறது. திறக்க மறந்தால் நீரில்லாமல் சுழலும் இம்பெல்லர் வெகு சீக்கிரம் கருகும், அதன் பின்னால் புகை ஹோஸ் வேகும். இதைவிட நல்ல காவல் பெரிய சைலன்சர் தொட்டியும் அதன் அடியில் எளிதாகத் திறக்கக்கூடிய வடிகால் குமிழும். எஞ்சின் அணைந்ததும் மேலே ஏறும் ஹோஸில் நிற்கும் நீர் முழுதும் தொட்டிக்குத்தான் திரும்பி விழும். அது மொத்தமும் விழுந்த பிறகும் தொட்டியில் இடம் மிஞ்ச வேண்டும். இடம் போதவில்லை என்று சிறிய தொட்டியை மாட்டி, அதற்கப்பால் நீளமான ஹோஸை உயரமாக ஏற்றிய படகில் ஒவ்வொரு அணைப்பும் ஒரு சூதாட்டம்.

மூன்றாவது வழிதான் எல்லோரும் முதலில் நினைப்பது: வெளியிலிருந்து அலை தள்ளும் நீர். வேகமாகப் பாயும் படகின் த்ராட்டிலைச் சட்டென்று இறக்கினால் படகு அமர்ந்துவிடும். அது எழுப்பிய அலை பின்னாலிருந்து வந்து பின்பலகையில் மோதி, அங்கே உள்ள புகை வாயில் ஏறும். பின்னோக்கி வேகமாக ஓட்டும்போதும், பின்பக்கம் அலையைப் பார்த்தபடி நங்கூரமிடும்போதும், எஞ்சின் அணைந்த படகைக் கயிறு கட்டி இழுக்கும்போதும் அதே கதைதான். இங்கேதான் ரப்பர் மூடிகள் விற்பனையாகின்றன. பின்பலகையில் தொங்கும் மூடி அலையின் அறையைத் தணிக்கும், அவ்வளவே. வெயிலில் அது விறைத்து, ஓரம் வளைந்து, ஒருநாள் முழுதாக மூடாமல் நிற்கும். பெட்ரோல் எஞ்சின் படகுகள் சிலவற்றில் குழாய்க்குள்ளேயே இருக்கும் மூடிகள், எஞ்சின் ஒருமுறை நீரின்றிச் சூடேறினால் கருகி உதிரும். உதிர்ந்த துண்டு வெளியேறும் வழியை அடைத்தால் கேடு இரட்டிப்பாகும். வெளியிலிருந்து ஏறும் நீர் எஞ்சினைத் தொடாமல் இருக்க வேண்டுமானால் வழியில் அது ஏறவே முடியாத ஒரு மேடு இருக்க வேண்டும். பின்பலகைக்கு முன்பாக ஹோஸை வளைத்து உயர்த்திப் பின் வெளியே இறக்கும் கழுத்து அப்படிப்பட்ட மேடு. எல்போவின் உச்சி இன்னொரு மேடு. பெட்ரோல் எஞ்சின் உற்பத்தியாளர்கள் அதற்குக் கடல் மட்டத்திலிருந்து ஓர் அடிக்கும் மேலான உயரம் கேட்பது இதனால்தான். ஒவ்வொரு மேட்டிலிருந்தும் ஹோஸ் எங்கும் தொய்யாமல் ஒரே சரிவாக இறங்க வேண்டும். தொய்வில் தேங்கும் நீர் படகின் மூக்கு தாழும்போது எஞ்சின் பக்கம் ஓடும்.

உயரத்துக்கு இடமில்லை என்பதுதான் இந்த வாதத்துக்கு வரும் முதல் எதிர்ப்பு. அது நியாயமான எதிர்ப்பு. எடை தாழ இருந்தால் படகு நிலையாக ஓடும் என்பதால் எஞ்சினை ஆழத்தில் வைக்கிறார்கள். டெக்கின் உயரத்தை ஏற்ற யாரும் விரும்புவதில்லை. இன்றைய டர்போ எஞ்சின்களில் புகை வெளியேறும் வாயே தாழ்வாக இருக்கிறது. டர்போவின் சக்கரம் உப்புநீரைச் சிறிதும் தாங்காது என்பதால் இந்த எஞ்சின்களுக்கு ஆபத்தும் கூடுதல். ஆனால் நீரைக் கலக்கும் முன்பே வறண்ட புகையை மேலே ஏற்றிவிட்டால் சிக்கல் தீரும். டர்போவிலிருந்து ஓர் உலோகக் குழாயை மேலே கொண்டுபோய், அதற்கு வெப்பக்காப்பு சுற்றி, உச்சியைத் தாண்டி இறங்கும் பக்கத்தில் நீரைக் கலக்க வேண்டும். குழாயின் எடையை டர்போ தாங்கக் கூடாது. தனித் தாங்கியும் அதிர்வைத் தாங்கும் நெளிகுழாயும் தேவை. செலவு உண்டு, எஞ்சின் அறையில் சூடும் கொஞ்சம் ஏறும். ஆனால் புகைக்கு எதிரழுத்தம் கூடினால் எஞ்சின் மூச்சுத் திணறும் என்று இதே இடத்தில் சொல்லப்படும் எச்சரிக்கையை உயர்த்தாமல் விடுவதற்கான சாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. அழுத்தத்தை அளக்க முடியும். உற்பத்தியாளர் ஒவ்வொரு எஞ்சினுக்கும் எல்லை சொல்லியிருக்கிறார். 76 மில்லி மீட்டர் பாதரசம் என்று இருந்தால் அது ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான நீர்த்தம்பத்துக்குச் சமம். ஒரு கண்ணாடி ஹோஸில் நீர் ஊற்றி அதைப் பார்த்துவிடலாம்.

எஞ்சின் அணைந்ததும் புகைக்குழாயின் வாயையே வால்வு வைத்து அடைத்துவிட்டால் என்ன என்று இரண்டாவது எதிர்ப்பாளர் கேட்கலாம். கடும் கடலில் எஞ்சின் ஓடாமல் நாள்கணக்கில் போகும் பாய்ப்படகுக்கு அது உண்மையில் உதவும். தினமும் கிளம்பும் விசைப்படகில் அது வேறொரு விபத்துக்கு வித்திடும். அடைத்ததை மறந்து ஸ்டார்ட்டரைச் சுற்றினால், பம்பு கொண்டுவரும் நீருக்கு எஞ்சினைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. கடலை வெளியே நிறுத்த மாட்டிய வால்வே கடலை உள்ளே அடைத்துவைக்கும். அப்படி ஒரு வால்வு இருந்தே தீர வேண்டும் என்றால், எஞ்சின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே தொங்கவிடுவது நல்ல பழக்கம்.

உயரமும் கொள்ளளவும் காக்க முடியாத ஒரு வழியும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. எல்போவுக்குள் நீரும் புகையும் ஒரு மெல்லிய உலோகச் சுவரின் இருபுறமும் ஓடுகின்றன. சூடும் உப்பும் கந்தகமும் சேர்ந்து அந்தச் சுவரை உள்ளிருந்தே அரிக்கின்றன. வெளிப்புறம் வண்ணம் பூசிப் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே ஊசித்துளை விழுந்து நீர் நேரே புகை வால்வை நோக்கிச் சொட்டும். கடல்நீர் நேராக ஓடும் வார்ப்பிரும்பு பாகங்களை ஏறத்தாழ 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது பரவலான நடைமுறை. எவர்சில்வர் எல்போவும் நிரந்தரமில்லை. ஆண்டுக்கொரு தடவை கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்ப்பதற்கு ஈடான கருவி எதுவும் கிடையாது. கிளப்பும்போது ஒரு சிலிண்டர் மட்டும் தயங்குவது, வழக்கத்துக்கு மாறாக நீராவி போன்ற வெண்புகை, பெட்ரோல் எஞ்சினில் ஒரு பிளக்கில் மட்டும் துரு ஆகியவை அந்தத் துளையின் முன்னறிவிப்புகள்.

நீரைப் புகையில் கலப்பதையே கைவிட்டுவிடலாமே என்ற மூன்றாவது எதிர்ப்புக்குத் தமிழகக் கடற்கரையிலேயே சான்று இருக்கிறது. இங்குள்ள இழுவைப் படகுகள் பலவற்றில் புகைக்குழாய் வறண்ட குழாயாக நிமிர்ந்து மேலே போகிறது. சைபன் கிடையாது, எல்போ அரிப்பு கிடையாது, பின்னாலிருந்து வரும் அலை எட்டாது. உழைக்கும் படகுக்கு இது நல்ல தேர்வு. வெப்பக்காப்பும் இரைச்சலும் அதற்குக் கொடுக்கும் விலை. ஆனால் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் குழாயில் மழை இறங்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எஞ்சின்கள் நீண்ட நாள் ஓடாமல் கிடக்கும் காலம் அது. இடையில் பெய்யும் கோடைமழையும், பின்னர் வடகிழக்குப் பருவமழையில் புயல் எச்சரிக்கையால் படகு கட்டிக்கிடக்கும் நாட்களும் நேராக நிற்கும் குழாய்க்குச் சோதனை. புகையின் அழுத்தத்தில் தானே திறக்கும் தகர மூடி உதவும், ஆனால் கீல் துருப்பிடித்தால் அது திறந்தே நிற்கும். குழாயின் உச்சியைப் பின்பக்கம் வளைத்துவிடுவதும், எஞ்சினை அடையுமுன் குழாயின் அடியில் ஒரு கிண்ணமும் வடிகால் குமிழும் வைப்பதும் அதைவிட உறுதியானவை. இங்கும் வடிவம்தான் வேலை செய்கிறது.

நீர் புகுந்துவிட்டது என்று தெரிந்தால் அடுத்த சில மணி நேரம் எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது. நீர் வந்த வழியை முதலில் அடைத்து, சைலன்சரை வடித்து, இன்ஜெக்டர்களையோ பிளக்குகளையோ கழற்றி, கையால் மெல்லச் சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் அடியிலும் நீர் இறங்கிவிட்டது. மாற்றி, கொஞ்சம் ஓட்டி, மீண்டும் மாற்ற வேண்டும், நிறம் தெளியும்வரை. அன்றே கிளப்பிச் சூடேற்றி உலர்த்த முடிந்தால் பெரும்பாலும் பிழைக்கும். அன்றே கிளப்ப முடியாத நிலையில் சிலிண்டர்களுக்குள் எண்ணெயையாவது ஊற்றிச் சுழற்றி வைக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் தேவைப்படும் முதல் அளவை எடுக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம், கொத்தனார் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் போதும். டீசல், நீர், பனிக்கட்டி, ஆட்கள் என்று படகு முழுச் சுமையோடு மிதக்கும்போது அளக்க வேண்டும். கட்டுபவரின் வரைபடத்தில் உள்ள நீர்மட்டம் பெரும்பாலும் காலிப் படகினுடையது, பின்னால் சேர்த்த தொட்டிகளும் பின்மேடையும் படகைச் சில அங்குலம் கீழே இறக்கியிருக்கும். டியூபின் ஒரு முனையைப் பக்கவாட்டில் கடலில் இறக்கி, நீர் நிறைத்து, மறுமுனையை எஞ்சின் அருகே பிடித்து, நீர் வழியாமல் நிற்கும் உயரத்துக்கு ஏற்றினால், டியூபில் தெரியும் மட்டமே கடலின் மட்டம். அதை எஞ்சின் அறைச் சுவரில் பெயின்டால் கோடிட்டு, கோட்டுக்கும் எல்போவில் நீர் கலக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். 150 மில்லி மீட்டருக்குக் குறைவாக இருந்தால், படகு அடுத்து கரையேறும்வரை காத்திராமல், ஒவ்வொரு முறை எஞ்சினை அணைத்ததும் கடல்நீர் வால்வை மூடி, மூடியிருப்பதை ஸ்டார்ட்டர் சாவியருகே எழுதித் தொங்கவிட்டு, அந்த வாரமே சைபனை உடைக்கும் வளைவைப் பொருத்திவிட வேண்டும்.